தாய்ப்பூனை வராத நாட்கள்

நாஞ்சில் நாட்டு வீடுகளில் பூனைக்கு உரிய ஸ்தானம் எது என்று கேட்டால் அடுக்களை என்று பிறர் சொல்லக்கூடும். நான் அரங்கு என்றுதான் சொல்லுவேன். தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்னும் இரண்டு தாலுகாக்களில் அடங்கிய இந்தச் சிறு பிரதேசத்தில், கன்னி மாதத்தை ஒட்டி அறுப்பாகும் கன்னிப்பூவும் கும்ப மாதத்தை ஒட்டி அறுப்பாகும் கும்பப்பூவுமாக ஆண்டுக்கு இருபோகம் நெல் விளைந்து வந்தது. 1906இல் பேச்சிப்பாறை அணை முற்றுப்பெற்ற பிறகு பழையாற்றுப் பாசனத்துக்கு ஒரு பின்பலமும் ஏற்பட்டுவிட்டபடியால், நடுத்தரமான குடும்பத்தின் வீட்டில்கூட, ஜன்னல் இல்லாததும் கனத்த ஒற்றைக் கதவு உடையதுமான அரங்கு என்ற உள்ளறையும், அதனுள்ளே அயனிப் பலகையால் செய்த பத்தாயம் என்ற நெற்பெட்டியும் இருந்தே தீரும். நெல் இருக்கும் இடத்துக்கு எலி வரும். எலி வரும் இடத்துக்குப் பூனை வரும். பசுவை விலைக்கு வாங்கினோம், நாயைக் கேட்டு வாங்கினோம். பூனையை மட்டும் எந்த வீட்டாரும் தேடிப்போய்க் கொண்டுவந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அது தானாக வந்து, தன் இஷ்டப்படி தங்கி, தன் இஷ்டப்படி வெளியே போய்வந்து, வீட்டுக்கு உரியது என்றும் உரியதல்ல என்றும் சொல்ல முடியாத ஒரு ஸ்திதியில் ஜீவித்தது.

மனித குலத்தோடு பூனை சேர்ந்த வரலாறே இப்படித்தான் என்று ஆராய்ச்சியாளர்களும் இப்போது சொல்லுகிறார்கள். மேற்காசியாவில் மனிதர் தானியம் விளைவித்துச் சேமித்து வைக்கத் தொடங்கிய காலத்திலே, அந்தக் களஞ்சியங்களின் எலிகளைத் தொடர்ந்து காட்டுப்பூனைகள் குடியிருப்புகளுக்குள் வந்து பழகின என்பது அவர்கள் முடிபு. சைப்பிரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்திய மனிதப் புதைகுழி ஒன்றின் அருகே ஒரு பூனையும் அடக்கம் செய்யப்பட்டிருந்ததைப் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் 2004இல் வெளியிட்டபோது, அச்செய்தியைப் பத்திரிகையில் படித்த எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது எங்கள் திருப்பதிசாரத்து வீட்டின் அரங்கு. அடுத்து நினைவுக்கு வந்தது, அந்த அரங்கிலே குட்டி போட்டு, குட்டிகள் கண் விழித்துச் சில நாட்களுக்குள்ளாகக் காணாமற்போன ஒரு சாம்பல்நிற வரிப்பூனை.

அந்த வீடு என் அம்மையைப் பெற்ற ஆத்தாவின் வீடு. மருமக்கள்வழி தாயம் 1926ஆம் ஆண்டுச் சட்டத்தினால் முடிவுக்கு வந்து, அதன் கொடுமைகளை நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம் என்ற நூலில் பாடிவைத்த கவிமணியும் 1954இல் காலமாகிவிட்ட பிறகுகூட, தாய்வழியை வைத்து மனிதரை இனங்காணும் வழக்கம் எங்கள் பக்கத்துக் கிழவிகளை விட்டுப் போகவில்லை. ஆத்தா பூனைகளையும் அப்படியே எண்ணினாள். தொழுவத்து உத்தரத்தில் படுத்திருக்கும் வெள்ளைப் பூனை இன்னதன் மகள், பக்கத்து வீட்டுப் படிப்புரையில் வந்து நிற்கும் மஞ்சள் பூனை இன்னதன் பேத்தி என்று ஐந்தாறு தலைமுறை வரையில் தடங்கலின்றிச் சொல்லுவாள். தகப்பன் யார் என்ற கேள்வி அந்த வமிச வரலாற்றில் எழுவதே இல்லை. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வெவ்வேறு கடுவன்கள் தகப்பனாக இருப்பதுண்டு என்பதைப் பிற்காலத்தில் கால்நடை வைத்தியர் ஒருவர் எனக்கு எடுத்துச் சொன்னபோது, ஆத்தாவின் முறையே சாஸ்திரத்துக்கும் ஒத்தது என்று எண்ணிக்கொண்டேன்.

சாம்பல் பூனைக்குப் பெயர் கிடையாது. ஆத்தா அதை "ஏட்டி" என்று கூப்பிடுவாள். மணக்குடியிலிருந்து சாளையும் நெத்திலியும் கொண்டுவரும் மீன்காரி கடவத்தை முற்றத்தில் இறக்கும்போது, கூப்பிடாமலே அது வந்து நிற்கும். மெலிந்த உடம்பு, இடது காதின் விளிம்பில் பழைய சண்டை ஒன்றின் கிழிசல், நெற்றியில் மூன்று கரிய கோடுகள். அது கொட்டாவி விடும்போது தெரிகிற சிறு பற்களைப் பார்க்கையில், முல்லை அரும்புக்குக் காட்டுப்பூனையின் பல்லை உவமையாகச் சொன்ன சங்கப் புலவர்கள் எத்தனை அருகிலிருந்து அந்தப் பிராணியைக் கவனித்திருக்க வேண்டும் என்று பின்னாளில் நான் வியந்ததுண்டு. அதைத் தொட்டுத் தூக்கும் உரிமை ஆத்தா ஒருத்திக்கே இருந்தது. எங்களைக் கண்டால் ஓடாது; ஆனால் கை எட்டாத தூரத்தில் உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

1956 நவம்பர் முதல் தேதி எங்கள் ஜில்லா திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்திலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்ததை அடுத்து வந்த கும்பப்பூ அறுப்பின்போது அது குட்டி போட்டது. பத்தாயத்துக்கும் சுவருக்கும் இடையே உள்ள முழ அகல இடுக்கில், கிழிந்த சாக்கு ஒன்றின்மேல், மூன்று குட்டிகள். ஆத்தா கைவிளக்கைத் தாழ்த்திப் பிடித்து எங்களைத் தூரத்தில் நிறுத்திக் காட்டினாள். கண் மூடியபடி, காது மடங்கியபடி, தாயின் வயிற்றில் ஒட்டிக் கிடந்தன. தாய் எழுந்து போய்விட்டு வந்து படுக்குந்தோறும், ஒவ்வொன்றும் முந்திய தடவை பற்றிய அதே காம்பைத் தேடிப் பிடிப்பதையும், வேறொன்று அங்கே வாய் வைத்தால் தலையால் முட்டித் தள்ளுவதையும் அடுத்தடுத்த நாட்களில் நான் கண்டேன். பிறந்த குட்டிக்கு உடம்பின் வெப்பத்தைத் தானாகக் காத்துக்கொள்ளத் தெரியாது; தாய் நக்கிக் கொடுத்தாலன்றி மலஜலம் கழிக்கவும் தெரியாது. முதல் மூன்று வாரமும் அதற்குத் தாய்தான் அடுப்பு, தாய்தான் வைத்தியச்சி, தாய்தான் வீடு.

அறுத்தடிப்புக் காலத்தில் அரங்கு அமைதியாக இருக்கும் இடமன்று. களத்தில் சூடடித்துப் பொலி தூற்றிய கட்டிச்சம்பா, ஆள் மாற்றி ஆளாகச் சாக்கில் வந்து பத்தாயத்தில் விழும். கதவு திறந்தே கிடக்கும். தூசி நிலை வரை நிற்கும். இரண்டாம் நாள் சாயங்காலம் தாய்ப்பூனை ஒரு குட்டியின் பிடரியைக் கவ்வித் தூக்கிக்கொண்டு, மச்சுக்குப் போகிற மரப்படியில் ஏறியதைப் பார்த்தேன். தூக்கப்பட்ட குட்டி கால்களை மடக்கி, வாலை வயிற்றோடு சுருட்டி, ஒரு சிறு முனகல்கூட இன்றித் தொங்கியது. தாயின் பல் பிடரியில் பட்டவுடனே குட்டி அசைவற்று அடங்கிவிடுவது பிறவியிலேயே அமைந்த குணம் என்கிறார்கள். பூனை குட்டிகளை ஏழு இடம் மாற்றும் என்பது எங்கள் ஊர் வழக்கு. அந்தக் கணக்கில் இது முதலாவது மாற்றம். மூன்றையும் மச்சில் பழைய ஓலைப்பெட்டிகளுக்குப் பின்னே சேர்த்துவிட்டு அது இறங்கிவந்தபோது இருட்டிவிட்டது.

குட்டிகள் கண் விழித்தன. நீலம் பாய்ந்த, இன்னும் எதையும் கண்டறியாத கண்கள். அதற்குப் பின் சில நாட்களில், ஒரு விடியற்காலையில், மச்சிலிருந்து வந்த சப்தம் எங்களை எழுப்பியது. பசித்த குட்டியின் குரலை அதுவரையில் நான் கேட்டதில்லை. ஏனென்றால் அது பசிக்கும்படி தாய் விட்டதில்லை. மெல்லியதாக, இடைவிடாமல், ஒன்று ஓய்ந்தால் மற்றொன்று தொடங்குவதாக, ஓட்டுக்கூரை முழுவதும் அந்தக் குரல் பரவியிருந்தது. ஆத்தா புறவாசலில் நின்று "ஏட்டி, ஏட்டி" என்று கூப்பிட்டாள். காலை வெயில் ஏறிற்று, மீன்காரி வந்தாள், கடவத்தை இறக்கினாள், போனாள், தாய்ப்பூனை வரவில்லை.

மத்தியானத்துக்குள் தெரு முழுவதும் செய்தி பரவி, தெருவின் தீர்ப்பும் ஆகிவிட்டது. குறுநரி கொண்டுபோயிருக்கும் என்றார் ஒருவர். பாம்பு தீண்டியிருக்கும் என்றார் மற்றொருவர். தொந்தரவு பொறுக்காத எவரோ சாக்கில் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விட்டிருப்பார் என்று சிலர் நினைத்தார்கள். அவ்விதம் செய்வது அக்காலத்தில் சாதாரண வழக்கமாகவும் இருந்தது. ஆனால் பெரும்பான்மையோர் ஒருமுகமாக ஒப்புக்கொண்ட காரணம் வேறு. எதிர்வீட்டு மாமி முற்றத்தில் நின்றபடி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "கடுவனுக்கப் பொறத்தால போயிருக்கும். பூனைக்கு என்ன பாசம் கெடக்கு? பெத்த குட்டியத் திங்கப்பட்ட ஜென்மம்லா அது?"

ஆத்தாவுக்குக் கோபம் வருவது அரிது. அன்றைக்கு அவள் மச்சுப்படியிலிருந்து திரும்பிப் பாராமலே பதில் சொன்னாள். "பாலு கெட்டின மடியோட ஒரு தாய் ஊரு சுத்தப் போவாளா? எங்கயோ மாட்டிக் கெடக்கா. தேடுங்க மக்களே."

இந்த வாசகத்தின் நியாயத்தை அறிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று. பால் சுரந்து இறுகிய மடி தாய்க்கு ஒரு நோவு. குட்டி வாய் வைத்தாலல்லாமல் அந்த நோவு தீராது. ஆகவே, வாத்ஸல்யம் என்ற ஒன்று பூனைக்கு இல்லை என்றே வாதத்துக்காக ஒப்புக்கொண்டாலும், உடம்பே அதைக் குட்டிகளிடம் திருப்பிக் கொண்டுவந்துவிடும். தெருவார் கூறியதிலும் ஓர் அம்சம் உண்மை உண்டு. பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பூனைக்கு மறுபடியும் பருவம் வந்துவிடலாம். குட்டி ஈன்ற சில வாரங்களிலேயே அது கடுவனைத் தேடிப்போகவும் கூடும். ஆனால் அவ்வாறு போகிற தாய் பெரும்பாலும் இராப்பொழுதில் போய், விடிவதற்குள் திரும்பிவிடுகிறது. பகலும் இரவுமாகத் தாய் வராமல் இருக்குமானால், அதன் மனம் மாறிவிட்டது என்று எண்ணுவதைவிட அதன் வழி அடைபட்டுவிட்டது என்று எண்ணுவதே பொருத்தமானது. காணாமற்போன ஒரு பெண்ணின்மீது தெரு முதலில் சுமத்துகிற அபவாதத்தையே பூனையின்மீதும் சுமத்தியது என்று ஆத்தா உணர்ந்திருக்க வேண்டும். அவள் குரலில் அன்று இருந்த கடுமைக்கு எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

நாங்கள் தேடினோம். வைக்கோற்படப்புகளின் அடியில், களத்து ஓலைக்கூரையின் மறைவில், கோயில் தெப்பக்குளத்துப் படித்துறைகளில், பழையாற்றங்கரைத் தாழம்புதர்களில், தென்னந்தோப்பு வரப்புகளில் எல்லாம் கூப்பிட்டுக்கொண்டே போனோம். தெருவிலுள்ள கிணறுகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தோம். கைப்பிடிச் சுவர் தாழ்ந்த கிணறுகள் அக்காலத்தில் அநேகம், இரவில் எலியைத் துரத்தி வரும் பூனை அவற்றில் விழுவதும் உண்டு. காணாமற்போன பூனைக்கு அரசாங்கத்தில் கணக்கு இல்லை. காணவில்லை என்று போய்ச் சொல்லுவதற்கு ஓர் இடமும் இல்லை. தேடுகிற இரண்டு மூன்று சிறுவர்களின் கண்கள் மட்டுமே அதற்கு உதவி.

வீட்டில் ஆத்தாவுக்கு வேறு வேலை எதுவும் ஓடவில்லை. குட்டிகளை மச்சிலிருந்து கடவத்தில் இறக்கி, பழைய முண்டைச் சுற்றி, அடுப்பங்கரைச் சுவரோரத்தில் வைத்துக்கொண்டாள். வறுத்த மணலைத் துணிக்கிழியில் கட்டி முண்டின் அடியில் வைப்பாள், ஆறினால் மாற்றுவாள். ஆட்டுப்பாலை இளஞ்சூடாக்கி, விளக்குத் திரியை அதில் நனைத்து, குட்டியின் வாயோரத்தில் வைத்து அது உறிஞ்சும்வரையில் காத்திருப்பாள். குட்டியை மல்லாத்திப் பால் ஊட்டலாகாது, புரையேறிவிடும் என்று எங்களுக்கு எச்சரித்து, தாயின் அடியில் கிடப்பது போலக் குப்புறவே வைத்து ஊட்டினாள். ஊட்டி முடிந்ததும், வெந்நீரில் முக்கிப் பிழிந்த பழந்துணியின் நுனியால் அதன் அடிவயிற்றையும் பின்புறத்தையும் மெதுவாகத் தடவுவாள். சற்று நேரத்தில் மூத்திரம் சொட்டுச் சொட்டாக வரும். அதைப் பார்த்த பிறகே குட்டியைக் கீழே விடுவாள். அவளுடைய காய்த்துப்போன கட்டைவிரல், நெல் அவித்து, உரல் இடித்து, எண்பது போகத்துக்கும் மேல் அரிவாள் பிடித்த விரல், ஒரு பூனையின் நாக்கு செய்யும் காரியத்தை அத்தனை நிதானமாகச் செய்வதை நான் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இரவில் பலமுறை எழுந்தாள். தூக்கக் கலக்கத்தில் நான் விழித்தபோதெல்லாம் அடுக்களையில் விளக்கு எரிந்தது.

இருந்தாலும் ஆட்டுப்பாலும் பசும்பாலும் பூனைப்பால் ஆவதில்லை. பூனையின் பாலில் புரதச்சத்து பசும்பாலில் உள்ளதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அதோடு, பசும்பாலில் உள்ள சர்க்கரையைச் சில குட்டிகளின் குடல் தாங்குவதில்லை. இந்நாளில் பூனைக்குட்டிகளுக்கு என்றே பால்மாவு தயாரித்து விற்கிறார்கள். அன்றைக்கு அவை எங்கே? மூன்றில் சிறியது, நெற்றிக் கோடுகள் தாயைப்போலவே அமைந்த குட்டி, வயிறு போகத் தொடங்கி, திரியைப் பற்றும் சக்தி இழந்து, ஒரு நாள் காலையில் இறந்து கிடந்தது. ஆத்தா அதை முருங்கை மூட்டில் புதைத்தாள்.

அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் காலட்சேபம் கேட்டு முதிர்ந்த ஒரு பெரியவர் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். திருப்பதிசாரம் திருவாழ்மார்பன் எழுந்தருளியிருக்கும் திவ்ய தேசம். நம்மாழ்வாரைப் பெற்ற உடையநங்கையார் பிறந்த ஊர். அந்தப் பெருமையைப் பேசாமல் அவர் எந்த விஷயத்தையும் ஆரம்பித்ததில்லை. பக்தனுக்கும் பகவானுக்கும் உள்ள சம்பந்தத்தை வைணவ ஆசாரியர்கள் இரண்டு விதமாக விளக்கியதை அவர் எங்களுக்குச் சொன்னார். குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளுவது போல ஜீவனும் தன்னால் ஆனதைச் செய்ய வேண்டும் என்பது வடகலையார் கொண்ட மர்க்கட நியாயம். பூனைக்குட்டி எதுவும் செய்யாது கிடக்கத் தாயே கவ்விக் கொண்டுபோய்ச் சேர்ப்பது போல இறைவனே எல்லாம் பார்த்துக்கொள்ளுவான் என்பது தென்கலையார் கொண்ட மார்ஜால நியாயம். ஆத்தா அடுக்களை வாசலில் நின்று முழுவதும் கேட்டாள். பிறகு, "தாய் வராட்டா அந்தக் குட்டி என்ன செய்யும், அண்ணாச்சி?" என்றாள்.

பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. கடைசியில், "உனக்குத் தூக்கம் வராமப் பண்ணினது யாரு?" என்று கேட்டார். ஆத்தா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் மணற்கிழியை மாற்றினாள். பெரிய வித்வான்கள் பேசிய பல பிரசங்கங்களை அதன்பின் கேட்டிருக்கிறேன். அந்தத் திண்ணையில் நடந்த அவ்வளவு சம்பாஷணை என் மனத்தில் பதிந்ததுபோல அவற்றுள் ஒன்றும் பதியவில்லை.

மாசி மாதம் எங்கள் பக்கத்தார்க்கு மண்டைக்காட்டுக் கொடைக்குரிய மாதம். பகவதி அம்மன் அங்கே புற்று வடிவாக வளர்ந்து நிற்கிறாள். பத்து நாள் திருவிழா. குடும்பம் குடும்பமாகப் போய்க் கடற்கரையை அடுத்த தோப்புகளில் பந்தல் போட்டுத் தங்கிப் பொங்கலிட்டு வருவார்கள். எங்கள் வீட்டுக்கு மேல்புறத்து வீட்டார், அவ்வாண்டு நெல்லைப் பத்தாயத்தில் கொட்டி முடித்த கையோடு, அரங்கைப் பூட்டி, வீட்டைப் பூட்டி, மண்டைக்காட்டுக்குப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்பிவந்த அன்று நான் முற்றத்தில் நின்றேன். அந்த வீட்டு அத்தை உள்ளே போனாள், சற்று நேரத்தில் "ஐயோ, இது என்ன கூத்து!" என்ற சப்தம் கேட்டது, சாம்பல் நிறமாக ஏதோ ஒன்று அவர்கள் புறவாசல் வழியாகச் சுவரேறி எங்கள் தொழுவத்துக்குள் விழுந்தது.

அரங்கில் நெல் கொட்டும்போது எலியைத் தொடர்ந்து உள்ளே போயிருக்கிறது, கதவு சாத்தப்பட்டுவிட்டது. ஒன்றரை முழக் கனமுள்ள மண்சுவர், ஜன்னல் கிடையாது, அதற்கு வெளியே பூட்டிய வீடு. உள்ளே எத்தனை தரம் கூப்பிட்டதோ, ஒன்றும் தெருவுக்கு எட்டவில்லை. புது நெல்லைத் தேடி வந்த எலிகள் அதற்கு உணவாகியிருக்க வேண்டும். பூனையின் பூர்விகம் வறண்ட நிலம். இரையின் உடம்பிலுள்ள ஈரத்தைக் கொண்டே வெகுவாகச் சமாளிக்கும் சக்தி அதன் சிறுநீரகங்களுக்கு உண்டு. பத்தாயத்தின் ஓரத்திலும் கதவின் அடிப்புறத்திலும் நகக்கீறல்கள் இருந்ததாக அத்தை வந்து சொன்னாள். கதவின் அடிப்பலகையில் சிம்பு சிம்பாகப் பெயர்ந்திருந்த அந்த இடத்தை மறுநாள் நானும் போய்ப் பார்த்தேன்.

தொழுவத்தில் விழுந்த பூனை முதலில் கழனித் தொட்டியண்டை போயிற்று. நக்கி நக்கிக் குடித்துக்கொண்டிருந்தது. அடுக்களைக்குள்ளிருந்து குட்டி ஒன்றின் குரல் வந்ததும் தலை நிமிர்ந்தது. தாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. குடித்து முடிக்காமலே உள்ளே ஓடிற்று. ஆத்தா விலகி நின்றாள். அது கடவத்தில் ஏறி, ஆட்டுப்பாலும் மணலும் அடுப்புப் புகையும் மணக்கும் அந்தக் குட்டிகளை முகர்ந்து பார்த்து, ஒரு கணம் பின்வாங்கி, பிறகு ஒவ்வொன்றையும் தலை முதல் வால் வரை நக்கி நக்கி, அந்நிய வாசனை முழுவதும் போகும்வரையில் ஓயவில்லை. மடி வற்றியிருந்தது. இரண்டு குட்டிகளும் விடாமல் சப்பியதனால் மறுநாளோ அதற்கு மறுநாளோ சிறிது பால் ஊறத் தொடங்கியது. குறைக்கு ஆத்தாவின் திரி உதவியது. மூன்றாவது குட்டியை அது தேடியது. மச்சில் ஓலைப்பெட்டிகளின் பின்னே போய்க் கூப்பிட்டது. அரங்கில் பத்தாயத்து இடுக்கில் போய்க் கூப்பிட்டது. முருங்கை மூட்டுப் பக்கம் மட்டும் போகவில்லை. இந்தக் கூப்பாடு இரண்டு மூன்று இரவுகள் நடந்தது.

மேல்வீட்டு அத்தை மண்டைக்காட்டிலிருந்து கொண்டுவந்த மண்டையப்பத்தை இலையில் வைத்துக்கொண்டு ஆத்தாவிடம் வந்து, "தெரியாமப் போச்சே மயினி" என்று கண்கலங்கினாள். ஆத்தா அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அந்த ஆண்டு முதல் எங்கள் தெருவில் ஒரு முறை ஏற்பட்டது: யார் வீட்டில் அரங்கைப் பூட்டினாலும், பூட்டுமுன் கைவிளக்கோடு உள்ளே போய்ப் பத்தாயத்தைச் சுற்றிப் பார்த்து, பலகையைத் தட்டி, கூப்பிட்டுப் பார்த்துவிட்டே பூட்டுவார்கள். கட்டளை இட்டவர் எவருமில்லை. எதிர்வீட்டு மாமி கூட அப்படிச் செய்வதைக் கண்டிருக்கிறேன்.

தப்பிப் பிழைத்த குட்டிகளில் ஒன்று எங்களிடமே நின்றது. மற்றொன்றைப் பூதப்பாண்டியிலிருந்து வந்த உறவினர் கொண்டுபோனார். அவை முழு வளர்ச்சி அடையும் முன்பே தாயின் வயிறு மறுபடியும் பெருத்திருந்தது. சூல்காலம் ஒன்பது வாரம். பகற்பொழுது அதிகம் குறையாத நம் தென்கோடியில் பூனைக்குப் பருவம் வராத மாதமும் அநேகமாக இல்லை. ஆறு மாதத்திலே பெண்குட்டியும் தாயாகத் தகுதியடைந்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் அந்த மெலிந்த உடம்பு ஒன்று சுமந்தது, அல்லது ஊட்டியது, அல்லது இரண்டையும் சேர்த்துச் செய்தது. பிறந்தவற்றில் பாதிக்கு மேல் வளரவில்லை. மறுபோகத்துக் கன்னிப்பூ அறுப்புக்கு முன்பு, வயிற்றில் குட்டியோடு, அது மறுபடியும் காணாமற்போயிற்று. அரங்குகளைத் திறந்து பார்த்தோம், கிணறுகளைப் பார்த்தோம், இந்தத் தடவை எந்தக் கதவுக்குப் பின்னாலும் அது இல்லை. ஆத்தா தன் காலம் முடியும் வரையில், அது தன்னிஷ்டத்தால் போயிற்று என்று யார் சொன்னாலும் ஏற்கவில்லை. நானும் ஏற்கவில்லை.

கருத்தடை என்பது பூனைக்கும் செய்யக்கூடிய ஒன்று என்ற எண்ணமே அன்று எங்கள் ஊரில் எவருக்கும் இருந்ததில்லை. அதே பத்தாண்டில்தான் ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்யசபையில் பிராணிவதைத் தடைக்காக வாதாடினார். அதன் பயனாக 1960இல் சட்டம் பிறந்து, 1962இல் பிராணி நல வாரியம் அவர் தலைமையில் சென்னையில் அமைந்தது. 1959இல் சென்னையில் கேப்டன் சுந்தரம் நிறுவிய புளூ கிராஸ், தெருநாய்களைக் கொல்லுவதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து விடலாம் என்ற முறையை 1964இல் தொடங்கியது. 2001இல் மத்திய அரசு அதை நாய்களுக்கான விதியாகவே ஆக்கியது. நாயின்மீது சமூகத்துக்கு உள்ள பயம் இத்தனை காரியத்தையும் நடத்திவைத்தது. பூனையைக் கண்டு பயப்படுவார் இல்லை. ஆதலால் பூனையின் முறை மிகவும் பிந்தியே வந்தது. குட்டிகளை ஆற்றங்கரையில் விட்டுவரும் பழக்கம் இன்னும் அடியோடு போகவில்லை என்பதைக் கண்ணால் காண்கிறேன். அது எனக்கு ஆறாத வேதனை.

இப்போது நான் நாகர்கோவிலில் இருக்கிறேன். அரங்குள்ள வீடுகள் இந்தத் தெருவில் இல்லை; ஆனால் ஷட்டர் போட்ட கடைகளும், மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடுகளும், உறை போட்டு மூடி நிறுத்திய கார்களும் இருக்கின்றன. தெருப்பூனைகளைக் கூண்டில் பிடித்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்க் கருத்தடை செய்து, அடையாளமாகக் காதின் நுனியைச் சிறிது நறுக்கி, பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடும் இளைஞர் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்னாலான ஒத்தாசையைச் செய்துவருகிறேன். அவர்களிடம் நான் முதல்நாளே கேட்டுக்கொண்டது ஒன்று: பெண்பூனையானால், கூண்டை வண்டியில் ஏற்றுமுன் அதன் வயிற்றைப் பார்க்க வேண்டும். காம்பைச் சுற்றி மயிர் விலகி, காம்பு சிவந்து நீண்டிருந்தால், எங்கேயோ ஒரு மச்சிலோ மாடிப்படியின் அடியிலோ குட்டிகள் காத்திருக்கின்றன என்று அர்த்தம். அப்படிப்பட்ட தாயைக் கூண்டில் வைத்து இரண்டு நாள் அடைத்துப்போட்டால், அந்த வீடுகளில் விடியற்காலையில் கேட்கப்போகிற சப்தம் இன்னது என்று எனக்குத் தெரியும்.

சென்ற ஐப்பசி மழையில், பின்தெருவில் பிடிபட்ட ஒரு கறுப்புப் பூனைக்கு அந்த அடையாளங்கள் இருந்தன. கூண்டைத் திறந்து அங்கேயே விட்டுவிட்டு, அது போகும் வழியைத் தூரத்திலிருந்து கவனித்தோம். பூட்டிய வீடு ஒன்றின் ஸன்ஷேடில் ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னே மறைந்தது. அந்த வீட்டுக்காரர் வெளியூரில் இருக்கிறார். அவருக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொல்லி, மாடிக் கதவைத் திறக்க வருகிற ஆளிடம், திறந்ததைச் சாத்துமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளும்படி கேட்டிருக்கிறோம். நான்கு குட்டிகள். இந்த வாரம் மீன் கலந்த சோற்றை முகர்ந்து பார்க்கத் தொடங்கியிருக்கின்றன. அவை நன்றாகத் தின்னப் பழகிய பிறகு, தை பிறந்ததும் தாயை மருத்துவரிடம் கொண்டுபோவதாக ஏற்பாடு.